இன்றைய சிம்பொனி, சேர்ந்திசை, திரையிசை: மலையகத்து வாசகருக்கு ஒரு கேட்டல் வழிகாட்டி

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இசை கேட்கும் காது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாசி மாதக் காமன் கூத்தில் தப்பு மேளத்தின் அடி மாறுவதை வைத்தே கதை எந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடும் பெரியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வானொலியும் திருவிழா ஒலிபெருக்கியும் திரையிசையை நம் அன்றாடத்துக்குள் கொண்டுவந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும் சிம்பொனி (பல பகுதிகளாக நீளும் பெரிய வாத்தியக் குழு இசை), சேர்ந்திசை (பலர் கூடிப் பாடும் இசை) என்ற சொற்களைக் கேட்டதும், அவை கொழும்பில் பியானோ வகுப்புக்குப் போகிறவர்களுக்கு உரியவை என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

நான் வலியுறுத்துவது ஒன்றுதான். இசையமைப்பாளர்களின் பெயர்ப் பட்டியலைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். சில படைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, பல நாட்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். கீழே உள்ள படிகள் நமக்குப் பழகிய ஒலியில் தொடங்கிப் பழகாத ஒலிக்குப் போகின்றன. பெரும்பாலானவை கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை.

படி 1: இடமும் நேரமும்

திரைப்பாடல் பெரும்பாலும் முதலிலிருந்து கடைசிவரை ஏறத்தாழ ஒரே சத்த அளவில் பதிவாகியிருக்கும். பஸ்ஸிலும் கேட்கலாம், கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கேட்கலாம். ஓர்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவின் இசை அப்படி இல்லை. ஒரே படைப்பில், காதைக் கூர்மையாக்கினால்தான் பிடிபடும் மெல்லிய ஒலியும் வரும், நூறு பேர் சேர்ந்து எழுப்பும் பேரொலியும் வரும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்த மெல்லிய பகுதி முழுவதும் கரைந்துவிடும். தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் ஆழ்ந்த ஒலி தரும் செலோ, டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியங்கள் இல்லாமலே போய்விடும். ஆகவே காதை மூடும் சாதாரண இயர்போன் ஒன்று போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். மெல்லிய பகுதியில் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்து வரும் பேரொலி காதைத் தாக்கும்.

தோட்டத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்றால் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும் நாளில் பதிவைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படைப்பின் நடுவில் விளம்பரம் நுழைவதுபோல் கேட்டலைக் கெடுப்பது வேறில்லை. மனத்தை அமைதிப்படுத்தும் இசை என்ற பெயரில் பல படைப்புகளை வெட்டி ஒட்டிய தொகுப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு சிம்பொனியின் பொருளே அதன் ஒழுங்கில்தான் இருக்கிறது.

படி 2: கித்துல்கலவில் தொடங்குங்கள்

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகும்போது கித்துல்கலவைக் கடந்தே போகிறோம். அங்கே களனி ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை எடுத்தார்கள். 1957இல் வெளிவந்த அந்தப் படத்தின் இசைக்காக மல்கம் ஆர்னல்ட் ஒஸ்கார் விருது பெற்றார். இவர் இலண்டன் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசித்தவர். திரைப்படங்களுக்கு எழுதியதோடு நிற்காமல் ஒன்பது சிம்பொனிகளும் எழுதியவர். திரையிசையும் மேடை இசையும் வெவ்வேறு உலகங்கள் என்று நினைப்பவர்களுக்கு இவர் நல்ல பதில்.

படத்தில் போர்க் கைதிகள் விசிலடித்துக்கொண்டே அணிவகுத்து வருவார்கள். அந்த மெட்டு ஆர்னல்டுடையது அன்று. கென்னத் அல்போர்ட் என்ற பெயரில் எழுதியவர் 1914இல் உருவாக்கிய அணிவகுப்பு மெட்டு. ஆர்னல்ட் செய்தது என்ன என்பதைக் கவனித்துக் கேளுங்கள்: விசில் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே ஓர்கெஸ்ட்ரா நுழைந்து அதன் மேல் வேறொரு அணிவகுப்பை வாசிக்கிறது. இரண்டு மெட்டுகளும் தனித்தனியாக நிற்கின்றன, இரண்டும் பொருந்தியும் போகின்றன. முதல் தடவை விசிலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை ஓர்கெஸ்ட்ராவை மட்டும். மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். மேற்கத்திய இசையைக் கேட்பதற்கு வேண்டிய திறமையில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தப் படத்தின் கதை பிரித்தானியக் கைதிகளைச் சுற்றியே நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டவைத்த உண்மையான சயாம் ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அந்த விசிலைக் கேட்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தெரிந்த தமிழ், தெரியாத ஓர்கெஸ்ட்ரா

அடுத்துக் கேட்க வேண்டியது இளையராஜாவின் 'திருவாசகம்'. 2005இல் வெளிவந்த இந்த இசைத்தொகுப்புக்கு வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா. மார்கழி விடியலில் கோவிலில் திருவெம்பாவை பாடி வளர்ந்தவர்களுக்கு மாணிக்கவாசகரின் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அதனால் காது முழுவதையும் ஓர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கலாம். 'பூவார் சென்னி மன்னன்' பகுதியில் சொல்லைப் பின்தொடராமல், குரலுக்குக் கீழே வயலின்கள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். 'பொல்லா வினையேன்' நீளமானது. தமிழ் அடிகளும் ஆங்கில அடிகளும் மாறிமாறி வரும். தனிக்குரல் எப்போது சேர்ந்திசையாக மாறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே போனால் அந்த நீளம் தெரியாது.

இதற்கு முன்பே 1986இல் அவர் 'ஹவ் டு நேம் இட்' என்ற தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யொஹான் செபஸ்தியான் பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கினார். பாடகர் இல்லாத இசையைக் கேட்கப் பழகுவதற்குத் தமிழில் இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. 2025 மார்ச்சில் அவருடைய முதலாம் சிம்பொனி 'வேலியன்ட்' இலண்டனில் அரங்கேறியதை நம் ஊர்ப் பத்திரிகைகளும் கொண்டாடின. கொண்டாடுவதோடு நின்றுவிடாமல், சிம்பொனி ஒன்றை முழுமையாகக் கேட்கும் பழக்கத்துக்கும் அது காரணமாக வேண்டும்.

படி 4: மூன்று அடுக்குகள்

எனியோ மொரிக்கோனே 1986இல் 'த மிஷன்' படத்துக்கு எழுதிய 'ஒன் ஏர்த் அஸ் இட் இஸ் இன் ஹெவன்' நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கதை 18ஆம் நூற்றாண்டின் தென் அமெரிக்கக் காட்டில் நடக்கிறது. அங்கு வரும் பாதிரியார் ஒருவர் ஓபோ என்னும் குழலை வாசிக்கிறார். அந்த ஓபோ ஒரு அடுக்கு, தேவாலயச் சேர்ந்திசை இரண்டாவது அடுக்கு, காட்டு மக்களின் தாளமும் குரலும் மூன்றாவது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. யாருடைய இசை யாருடைய இசையை அமுக்குகிறது, அல்லது அமுக்காமல் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் அரசியல் முழுவதையும் மொரிக்கோனே அந்த நான்கு நிமிடத்துக்குள் வைத்துவிட்டார்.

படி 5: சேர்ந்திசை

டிசம்பரில் நுவரெலியா, ஹட்டன், கண்டி தேவாலயங்களில் கரோல் பாடுவார்கள். மதம் எதுவாக இருந்தாலும் ஒரு மாலை போய் உட்காருங்கள். மேலிருந்து கீழாகச் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரல்களில் உச்சக் குரலைத்தான் காது தானாகப் பிடிக்கும். நீங்கள் ஆல்டோவைத் தேடுங்கள். அது நடுவில் ஒளிந்திருக்கும்.

ஆல்டோவைத் தேடச் சொல்வதற்குக் காரணம் மோர்ட்டன் லோரிட்சனின் 'ஓ மேக்னம் மிஸ்டீரியம்'. 1994இல் எழுதப்பட்ட கிறிஸ்துமஸ் சேர்ந்திசை, ஆறு நிமிட அளவு. லோரிட்சன் இளவயதில் அமெரிக்க மலைக்காடுகளில் காட்டுத்தீ அணைக்கும் வேலையும், தனித்த கோபுரம் ஒன்றில் தீக்காவல் வேலையும் பார்த்தவர். இந்தப் படைப்பில் எல்லாச் சுரங்களும் ஒரே சுருதி வீட்டுக்குள் அமைதியாக இருக்கின்றன, ஒன்றே ஒன்றைத் தவிர. கன்னி மரியாளைக் குறிக்கும் 'விர்கோ' என்ற சொல்லில் ஆல்டோக்கள் அந்த வீட்டுக்குச் சேராத ஒரு சுரத்தைப் பாடுகிறார்கள். மகனுக்குப் பின்னால் வரப்போகும் துன்பம் தாயின் பெயரிலேயே குத்தி நிற்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடம் வரும்போது எனக்கு நெஞ்சு இறுகும். முதல் தடவை அது உங்களுக்குப் பிடிபடாவிட்டாலும் கவலை வேண்டாம். மீண்டும் போடுங்கள்.

பாடகர் குழு எதுவும் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் மெய்நிகர் சேர்ந்திசையைப் பார்க்கலாம். 2010இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் அவரவர் வீட்டில் பாடிப் பதிவுசெய்து அனுப்பிய குரல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. பாடியது அவருடைய 'லக்ஸ் ஓரம்கே'.

படி 6: கைதட்டிப் பழகுங்கள்

இனி வரும் படைப்புகளில் ஒரே இசைச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். சலிப்புத் தட்டும் என்று தோன்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்டீவ் ரைக் 1972இல் எழுதிய 'க்ளாப்பிங் மியூசிக்' இரண்டு பேர் கைதட்டுவது மட்டும்தான். பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட ஒரு வட்டம்: மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு, ஓர் இடைவெளி. இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். ஒருவர் கடைசிவரை மாறாமல் தட்டுகிறார். மற்றவர் சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஓர் எண்ணிக்கை முன்னே நகர்கிறார். பன்னிரண்டு நகர்வுகளுக்குப் பின் இருவரும் மீண்டும் ஒன்றாகச் சந்திக்கிறார்கள்.

தோட்டத்துத் தப்புக் கலைஞர் ஒருவரை அழைத்து அவரை மாறாத பக்கத்தில் நிற்கவைத்து நீங்கள் நகர்ந்து பாருங்கள். மூன்றாவது நகர்விலேயே தடுமாறுவீர்கள், அவர் தடுமாற மாட்டார். ரைக் 1970இல் கானாவுக்குப் போய் மேளம் கற்றுவந்த பிறகே இதை எழுதினார். அங்கே அவர் கற்றது, கூத்துக்களத்தில் நம்மவர்கள் பரம்பரையாகக் கையாளும் வகைத் திறமை.

இதன் எதிர்முனையில் எஸ்தோனியாவின் ஆர்வோ பேர்ட் 1978இல் எழுதிய 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்' இருக்கிறது. பியானோவும் வயலினும் மட்டும். பியானோ மூன்று சுரங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் உதிர்க்கிறது. வயலின் முதலில் இரண்டு சுரங்கள் மட்டுமே வாசிக்கும். பிறகு ஒவ்வொரு சொற்றொடரிலும் ஒரு சுரம் கூடிக்கொண்டே போகும். அந்த ஒன்று கூடுவதை எண்ணுங்கள். எண்ணத் தொடங்கியதும் அது வெறும் மெதுவான இசையாக இருப்பது நின்றுவிடும்.

படி 7: கூரெட்ஸ்கியின் மூன்று தாய்மார்

ஹென்ரிக் கூரெட்ஸ்கி என்ற போலந்து நாட்டவர் 1976இல் எழுதிய மூன்றாம் சிம்பொனிக்கு 'துயரப் பாடல்களின் சிம்பொனி' என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கேட்பேன் என்று நீங்கள் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

முதல் பகுதி டபுள் பாஸின் அடி ஆழத்தில் தொடங்குகிறது. பல நொடிகளுக்கு இசை தொடங்கிவிட்டதா என்றே சந்தேகம் வரும். ஒரே மெட்டை அடுத்தடுத்த தந்தி வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. நீண்ட நேரத்துக்குப் பிறகு சொப்ரானோ குரல் ஒன்று நுழைகிறது. சிலுவையில் இருக்கும் மகனிடம் மரியாள் பேசும் 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல் அது. பாடி முடிந்ததும் தந்திகள் ஏறிய படிகளிலேயே இறங்கிப் போகின்றன. இரண்டாம் பகுதியின் சொற்கள் சகோபானே என்ற மலையூரில் நாஜிகளின் இரகசியப் பொலிஸ் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதியவை. அழாதே அம்மா என்று தாயைத் தேற்றுகிறாள். மூன்றாவது ஒரு நாட்டுப்பாடல். கிளர்ச்சியில் கொல்லப்பட்ட மகனின் உடல் எங்கே கிடக்கிறது என்று ஒரு தாய் தேடுகிறாள்.

ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இதன் நியாயத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. சொன்னதையே சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல்லை மாற்றி, துயரத்தைத் தாங்கக்கூடிய ஒன்றாக ஆக்குவது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த கலை. காமன் கூத்தில் ரதியும் எரிந்த மன்மதனைப் பார்த்து அப்படித்தான் அழுகிறாள். காணாமல்போன பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் ஏந்தி நிற்கும் தாய்மார் உள்ள இந்த நாட்டில் மூன்றாம் பகுதியை வேறெப்படிக் கேட்க முடியும்?

சிம்பொனி முழுவதும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதலில் மூன்றாம் பகுதியைத் தனியாகக் கேளுங்கள், பிறகு இரண்டாவது, அதன் பிறகே முதலாவது. மூன்றும் பழகிய பின் ஒரு போயா நாளில் வரிசைப்படி முழுமையாக. டோன் அப்ஷா பாட, டேவிட் சின்மன் நடத்திய 1992ஆம் ஆண்டுப் பதிவு பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதையே எடுங்கள்.

படி 8: ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய ஓர் ஒபேரா

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1960களில் பாரிஸில் ரவிசங்கரிடமும் தபேலா மேதை அல்லா ரக்காவிடமும் இந்தியத் தாளக் கணக்கை அறிந்துகொண்டவர். அவருடைய 'சத்தியாக்கிரகா' என்ற ஒபேரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், 1980இல் ரொட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாபிரிக்காவில் காந்தி வாழ்ந்த காலமே கதை. பாடப்படுவது முழுவதும் சமஸ்கிருதம், பகவத் கீதையிலிருந்து எடுத்தவை.

மூன்றாம் அங்கம் 1913ஆம் ஆண்டின் நியூகாசில் அணிவகுப்பு. சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் உழைத்த இந்திய ஒப்பந்தக் கூலிகள் மூன்று பவுண் வரிக்கு எதிராக வேலையை நிறுத்தி நடந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அதே போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் இறந்தாள் தில்லையாடி வள்ளியம்மை. கடல்கடந்து தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வரலாற்றில் நம் முன்னோர் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த பாதையும் இருக்கிறது, தென்னாபிரிக்காவின் நேட்டாலும் இருக்கிறது. அதைப் பற்றி நியூயோர்க் இசையமைப்பாளர் ஒருவர் ஒபேரா எழுதியிருக்கிறார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முழுதும் கேட்பது பெரிய வேலை. கடைசிப் பாடலிலிருந்து தொடங்குங்கள். காந்தியாகப் பாடும் டெனர் ஒரே ஏறுவரிசையைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். தர்மம் தளரும்போதெல்லாம் நான் பிறக்கிறேன் என்ற கீதை வாக்குத்தான் பொருள். குரல் மாறுவதில்லை, அதன் கீழே தந்திகளின் நிறம் மாறுகிறது. இந்த ஓர்கெஸ்ட்ராவில் பித்தளை வாத்தியங்களும் மேளங்களும் இல்லவே இல்லை. போராட்டத்தைப் பற்றிய படைப்பில் முரசே கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

படி 9: நடத்துநரைப் பார்க்கக் கற்றல்

இதுவரை பெரும்பாலும் காதை மட்டும் தீட்டச் சொன்னேன். இப்போது காணொளி வேண்டும். ஓர்கெஸ்ட்ராவின் முன் நின்று கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநரின் வலக்கை பெரும்பாலும் தாளத்தைக் காட்டும். நான்கு எண்ணிக்கை என்றால் கீழே, உள்ளே, வெளியே, மேலே. இடக்கை ஒலியின் அளவையும் யார் நுழைய வேண்டும் என்பதையும் காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது முதல் சுரத்துக்கு முன் அவர் எடுக்கும் மூச்சு. வேகம், மென்மை, சினம் எல்லாம் அந்த மூச்சிலேயே இருக்கிறது. கூத்தில் மூத்த தப்புக்காரர் தலையை அசைத்ததும் மற்றவர்கள் அடி மாற்றுகிறார்களே, அதுவும் இதே வேலைதான்.

ஜோன் வில்லியம்ஸ் 2020 ஜனவரியில், 87 வயதில், வியன்னா பில்ஹார்மோனிக்கை நடத்தித் தன் திரையிசையை வாசிக்கவைத்த நிகழ்ச்சியைப் பாருங்கள். கை அசைவு மிகக் குறைவு, விளைவு பெரிது. அதற்கு நேர்மாறாக முழு உடலாலும் நடத்துபவர் குஸ்தாவோ டூடமெல். 1975இல் வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய, வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாத்தியம் கொடுத்துக் கற்பித்த திட்டத்தில் உருவானவர். மும்பையில் பிறந்து உலகின் முன்னணி ஓர்கெஸ்ட்ராக்களை நடத்திய சுபின் மேத்தாவையும் பாருங்கள்.

பிறகு ஒரே படைப்பை இருவர் நடத்துவதை ஒப்பிடுங்கள். கூரெட்ஸ்கியின் சிம்பொனியை சின்மன் நடத்தியது பழகிவிட்டதல்லவா? பெத் கிப்பன்ஸ் பாட, கிறிஸ்டோப் பெண்டரெட்ஸ்கி நடத்தி 2019இல் வெளிவந்த பதிவை அடுத்ததாகக் கேளுங்கள். கிப்பன்ஸ் ஒபேராப் பாடகி அல்லர். அவருடைய குரல் ஆங்காங்கே நடுங்கும், உடையும். அந்த உடைவு தாயின் புலம்பலுக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். சின்மன் பதிவின் தெளிவே வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

படி 10: கண்டி மேளமும் ஒரு செலோவும்

கடினமான இசைக்கும் ஒரு நாள் போகத்தான் வேண்டும். ரொஹான் டி சேரம் இலங்கைப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த செலோ கலைஞர். புதிய இசைக்குப் பேர்போன ஆர்டிட்டி நால்வர் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தார், 2024இல் மறைந்தார். அவருக்குக் கண்டி மேளமும் வாசிக்கத் தெரியும். அதை அறிந்த இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ, 2002இல் அவருக்காகவே தனிச் செலோவுக்கு 'சீக்வென்சா 14' எழுதினார். இதில் வில் தந்தியை இழுப்பதோடு விரல்களும் உள்ளங்கையும் செலோவின் மர உடலை மேளமாகத் தட்டுகின்றன.

பின்தொடர மெட்டு எதுவும் இல்லை. அதனால் முதல் தடவை தட்டும் ஒலிகளை மட்டும் பின்தொடருங்கள். பெரஹராவில் 'கெட்ட பெரய' என்னும் கண்டி மேளத்தைக் கேட்டவர்களுக்குச் சில இடங்கள் உடனே அடையாளம் தெரியும். பிடிக்கவில்லை என்றால் ஒதுக்கிவைத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுங்கள்.

படி 11: நேரில்

இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா 1958இல் தொடங்கப்பட்டது. அதன் கச்சேரிகள் கொழும்பில் நடக்கும். இரவில் முடியும் கச்சேரிக்குப் பிறகு மலைக்குத் திரும்புவது சிரமம், ஆகவே உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொண்டே டிக்கெட் வாங்குங்கள். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பார்த்து, அதில் ஒரு படைப்பையாவது வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே மௌனம் வரும்போது கைதட்டுவதில்லை. நடத்துநர் கையை முழுவதும் இறக்கிச் சபையின் பக்கம் திரும்பிய பிறகு தட்டலாம்.

கொழும்புக்குப் போக முடியாதவர்கள் வாசிகசாலையிலோ கோவில் மண்டபத்திலோ நாலைந்து பேராகக் கூடலாம். நல்ல ஒலிபெருக்கி ஒன்றும் மழையில்லாத மாலையும் வேண்டும். மொரிக்கோனேயின் நான்கு நிமிடத்தை முதலில் போடுங்கள். முடிந்ததும் எவரும் விளக்கம் சொல்லாமல் இன்னொரு தடவை போடுங்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் கேட்ட ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பற்றி மட்டும் சொல்லட்டும், வயதில் இளையவர் முதலில். அடுத்த கூட்டத்துக்கு லோரிட்சன். கூரெட்ஸ்கியை, எல்லோருக்கும் நேரம் இருக்கும் ஒரு விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.